செகண்ட்ஸ் கத்தரிக்காய்

ஒரு மனிதனின் கௌரவம் அவன் வீழும்போதும் அவனை விட்டுப் போவதில்லை.

குமாரவேலின் கௌரவம் அந்த மார்கழி முழுக்க ஒரு குரங்குக் குல்லாவுக்குள் இருந்தது.

விடிவதற்கு முன்பே உழவர் சந்தைக்கு வந்துவிடுவார். கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும். பனி ஒத்துக்கொள்வதில்லை என்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் எவனோ வீட்டுக் கடன் கட்டாமல் விட்டதில், திருப்பூரில் இவருடைய பனியன் கம்பெனி தீபாவளியோடு நின்றது. நூற்றிருபது பேரை நிறுத்திவிட்டு, பொங்கல் கழித்து எல்லோரையும் கூப்பிடுவதாக மைக் வைத்துச் சொல்லியிருந்தார்.

மைக் வாடகை.

முதலாளியே விலைப் பலகையை அண்ணாந்து பார்த்துக் காய் வாங்குவது தெரிந்தால் அந்தப் பேச்சை எவன் நம்புவான்?

அன்று ஒரு கத்தரிக்காய்க் குவியலின் முன் குந்தினார். ஒவ்வொன்றாக எடுத்து, குண்டு பல்பு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை விழுந்ததைத் தனியே எறிந்தார். பழுதான பனியனைத் தள்ளித் தள்ளி இருபது வருஷப் பழக்கம். ஒரு செருமலோடு வாய் தானாகச் சொன்னது.

"இது செகண்ட்ஸ். இதுவும் செகண்ட்ஸ். யாரு செக்கிங் பண்ணுனது?"

தராசைப் பிடித்திருந்த பழனாயி நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, பழனிமுத்தோட மொதலாளிங்களா?"

"இல்லீங்களே."

"அட, நீங்கதானுங்க. எம் பையன் ஊட்டுல தெனமும் உங்களாட்டவே பேசிக் காட்டுவானுங்க. அந்த இழுப்பு, அந்தச் செருமல்... சொல்லப்போனா அவன் இன்னும் கொஞ்சம் நல்லாப் பண்ணுவானுங்க."

அவர் மறுக்க வாயெடுத்தார். செருமல்தான் வந்தது.

பழனாயி சிரித்து ஓய்ந்தாள். பிறகு குரல் இறங்கியது.

"பெருமாநல்லூர்ல வேற கம்பெனில வாடான்னு ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. போகமாட்டேங்கறான். எங்க மொதலாளி வாக்குக் குடுத்திருக்காருங்கறான். ரெண்டு மாசமா ஊத்துக்குளில ஊட்டோட கெடக்கறானுங்க. பொங்கல் கழிச்சுக் கூப்பிட்டுருவீங்கல்லோ, சாமி?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். குமாரவேலுக்கே அதைச் சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. அவ்வளவு அலுத்திருந்தார்.

ஆனால் பக்கத்துக் கடைக்காரர்கள் எடை போடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதமாக எவரும் அவரை அப்படிப் பார்க்கவில்லை.

முதுகு நிமிர்ந்தது.

"தை மூணாந்தேதி. மொத ஆளே உங்க பையன்தானுங்க. வேற எடத்துக்குப் போயிரவேண்டாம்னு சொல்லுங்க."

பழனாயி முகம் கழுவினாற்போலத் தெளிந்தாள். ஓட்டையில்லாத காயாகப் பொறுக்கி இரண்டு கிலோ போட்டாள். ஒரு பூசணிக் கீற்று. ஒரு பிடி மல்லித்தழை. அவர் நீட்டிய நோட்டைப் புறங்கையால் தள்ளிவிட்டாள்.

"சும்மா இருங்க சாமி. உங்ககிட்டப் போயி காசு வாங்குவனாக்கும்?"

அவர் இன்னொரு முறை நீட்டவில்லை.

கம்பெனித் தையல் மெஷின்கள் போன வெள்ளிக்கிழமையே விலை பேசி லாரி ஏறிப் போயிருந்தன.

மறுநாள் அவர் சந்தைக்குப் பெரிய பையாக எடுத்துப் போனார்.