குளவிக்கும் சொல்லலாம்

நாளைக்கு இங்கிலீஷ் சோதனை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் விழும் அந்தி வெயிலில் மகள் நிஷாலினி கொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, "ஒன்ஸ்லோட்" என்று முணுமுணுக்கிறாள். விடாமல் மூர்க்கமாய்ப் பாய்கிற தாக்குதலாம். அதை வைத்து ஒரு வசனம் எழுத வேண்டுமாம்.

"சண்டைக்கு மட்டுந்தானாப்பா? மழைக்குச் சொல்லலாமா?"

"குளவிக்கும் சொல்லலாம்" என்று என் வாய் சொல்லிவிடுகிறது. அவளுடைய பென்சில் நிற்கிறது. அவள் அம்மா ஸ்டெல்லா குளவி கொட்டிச் செத்ததை லயமே அவளுக்குச் சொல்லியிருக்கிறது. நான் மட்டும் வாய் திறந்ததில்லை.

"சொல்லுங்கப்பா."

"குளவி கலைஞ்சா, இடுப்புல கட்டுற படங்கைத் தலையோட போத்திக்கிட்டு செடிக்கடியில அசையாம கிடக்கணும். ஒங்கம்மா அப்பிடித்தான் கிடந்தா. நான்தான் பயந்துபோயி ஓடினேன். 'ஓடாத, படுய்யா'ன்னு எந்திரிச்சு வந்து, அவ படங்கை என்மேல போட்டா."

அந்தப் படங்குச் சாக்குக்குள் பச்சைக் கொழுந்தும் அவள் வெற்றிலையும் மணந்தன. இப்போதும் மணக்கிறது. நிஷாலினி என்னைப் பார்க்காமல் எழுதுகிறாள்.

"என்னம்மா எழுதுன?"

"ஒன்ஸ்லோட் வந்தப்ப எங்கம்மா எந்திரிச்சு நின்னாங்கன்னு."

"மாக்ஸ் போடுவாங்களா?"

"போடாட்டிப் போகட்டும்ப்பா."