பெருச்சாளிக்குப் பிடித்த பாட்டு

ஒரு குளக்கரையில் பெருச்சாளி ஒன்று வளை தோண்டிக்கொண்டிருந்தது. குளத்துத் தவளை பாடத் தொடங்கினால் போதும், பெருச்சாளியின் கால்கள் தாமாகவே வேகமெடுக்கும். அலுப்பே தெரியாது.

ஒருநாள் தவளை பாடிக்கொண்டிருந்தபோது மான் ஒன்று அந்தப் பக்கம் வந்தது. "நான் குயில் பாட்டு மட்டும்தான் கேட்பேன். இந்தக் கரகரச் சத்தத்தை எப்படித்தான் பொறுத்துக்கிறியோ!" என்றது.

மானின் முன்னால் மட்டமாகத் தெரியப் பெருச்சாளிக்கு மனமில்லை. "என்ன செய்ய? கேட்டாலே தலைவலிதான்" என்று சிரித்தது.

தவளையின் பாட்டு பாதியில் நின்றது.

மான் நகர்ந்ததும் பெருச்சாளி மண்ணைப் பிறாண்டிப் பார்த்தது. வேலை ஓடவில்லை. குயில் கூவியது, இனிமையாகத்தான் இருந்தது, ஆனால் கால் அசையவில்லை. கடைசியில் தண்ணீர் ஓரம் போய், "அண்ணே, ஒரு பாட்டு..." என்று இழுத்தது.

தவளை கோபிக்கவில்லை. "இவ்வளவு நாளா உங்களுக்குத் தொந்தரவா இருந்திருக்கேன். தெரியாமப் போச்சு, மன்னிச்சுக்குங்க" என்றது.

பெருச்சாளி கூசிப்போனது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோது, எதிர்க்கரையில் மான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. உடனே குரலைத் தாழ்த்தி, "எனக்கு உங்க பாட்டுன்னா உயிர்" என்று முணுமுணுத்தது.

"காதுல விழலையே, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றது தவளை.

பெருச்சாளி தலை குனிந்தபடி வளைக்குள் போய்விட்டது.