தூளில் புதைத்த லெப்டொப்

தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கரின் மேசைமேல் லெப்டொப் கிடந்தது. அதைச் சுற்றித் தேயிலைத் தூள் குவிந்திருந்தது.

எதிரே ஜெனுஷாவின் அப்பா இக்னேசியஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வகுப்பு முடிந்து கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவளை உடனே தொழிற்சாலைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை.

வேலை முடிந்து போகிற எல்லோருடைய பையையும் வாசலில் சோதிப்பது வழக்கம். இன்று இக்னேசியஸின் பைக்குள் கையை விட்ட காவல்கார வாச்சருக்குக் கை நிறையத் தூள் வந்திருக்கிறது. தூளுக்கு நடுவே இந்த லெப்டொப்.

ஒரு சிட்டிகை தூளை வெளியே கொண்டுபோனாலும் களவு களவுதான். களவு என்று டீமேக்கர் முடிவு கட்டிவிட்டால் வேலை போய்விடும். அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்திலும் அந்த மனிதனை எடுக்கமாட்டார்கள்.

மகளுடைய லெப்டொப்பில் தண்ணீர் கொட்டிவிட்டது, காயவைக்கத்தான் தூளில் போட்டேன் என்று இக்னேசியஸ் சொல்லியிருக்கிறார்.

வேறு ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தோட்டத்தில் யாரும் சிரிக்கமாட்டார்கள். இங்கே போன் தண்ணீரில் விழுந்தால், கொழுந்தை உலர்த்தும் ட்ரையரில் இருந்து சூட்டோடு இறங்கிய தூளில் அதைப் புதைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். தூள் ஈரத்தைக் குடித்துவிடும். அதுவரை யாரும் பட்டனைத் தொடக்கூடாது.

ஜெனுஷா லெப்டொப்பையே பார்த்தாள். வீட்டில் லெப்டொப்பைக் காணாதபோது, அப்பா அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருப்பார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அந்த லெப்டொப்பை வைத்து வீட்டில் நடக்காத சண்டை இல்லை.

உள்ளே புது டிஸ்க் ஒன்றைப் போட்டு, மெமரியையும் கூட்டிவிட்டால் குதிரை மாதிரி ஓடும் என்று கம்ப்யூட்டர் கடை மஃறூப் நானா சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அது போதும். ஜெனுஷாவுக்குப் போதவில்லை. வருஷக் கடைசியில் புது மாடல் வருகிறது, கோயில் பாட்டுப்புத்தகம் போல மெலிசு, தூக்கினால் பாரமே தெரியாது, அதுவரை பொறுத்திருப்போம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஹட்டன் வகுப்புக்குத் தினமும் அந்தச் செங்கல்லைச் சுமப்பது அவள் தோள்தானே. உயிரோடு இருக்கிற மெஷினைத் தூக்கிப் போடமாட்டேன் என்று அப்பாவும் மசியவில்லை.

தண்ணீர் கொட்டியதோடு சண்டை ஓய்ந்தது. புதிதே வாங்கலாம் என்று அப்பா ஒத்துக்கொண்டார்.

ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இங்கே கொண்டுவந்து புதைத்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று தூளோடு சேர்த்தே வீட்டுக்குக் கிளம்பியதுதான் அவர் செய்த பிழை.

டீமேக்கர் கெட்டவர் அல்ல. இத்தனை வருஷம் ட்ரையர் சூட்டில் நின்ற மனிதரைக் கள்ளன் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. மெஷின் உண்மையிலேயே பழுதென்றால் எச்சரித்து அனுப்பிவிடுகிறேன் என்றார். வேலை செய்கிற மெஷின் என்றால், அது தூளை மறைக்கக் கொண்டுவந்த சாக்கு, வேறொன்றும் இல்லை என்றார்.

சொல்லிவிட்டுப் பட்டனை அமுக்கினார்.

ஜெனுஷா கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே காற்றாடி சுழலும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது, திருவிழாவில் அவளும் அப்பாவும் எடுத்துக்கொண்ட படம் திரையில் பளிச்சென்று நின்றது.

வாச்சர் சிரித்துவிட்டார். டீமேக்கரின் முகம் இறுகியது.

அப்பாவின் முகம் மட்டும் மலர்ந்தது. தான் வசமாக மாட்டிக்கொண்டது அவருக்கு உறைக்கவே இல்லை.

“பாத்தீங்களாய்யா, காஞ்சிருச்சு.”

ஜெனுஷாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காய்வதற்கு அதில் ஈரம் எங்கே இருந்தது?

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதற்குள் போகவில்லை. செம்பைக் கவிழ்த்துத் தரையைத்தான் நனைத்தாள். லெப்டொப்பின் மூடியை ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, ஐயோ என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

ஜெனுஷா ஓரடி முன்னே வந்தாள். அப்பா எல்லோர் முன்னாலும் அறைந்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவுசெய்தாள்.

“தண்ணி கொட்டலங்க ஐயா. புதுசு வேணும்னு அப்பாகிட்ட நாந்தான் பொய் சொன்னேன். அத நம்பித்தான் அவரு இத இங்க கொண்டாந்தாரு.”

வாச்சரின் சிரிப்பு நின்றது. டீமேக்கர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த கடுப்பு மெல்ல இறங்கியது. அவள் சொல்வது சரியா என்று இக்னேசியஸிடம் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும். அப்பாவும் மகளும் வீட்டுக்குப் போகலாம்.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். அந்தக் கண்ணில் கோபத்தைத் தேடினாள். துளிகூட இல்லை. வாஞ்சையோடு அவள் தலையைத் தடவிவிட்டு, டீமேக்கரைப் பார்த்துச் சொன்னார்.

“பயந்துபோய்ப் பேசுதுங்க ஐயா. என்னையக் காப்பாத்தப் பாக்குது. எம்புள்ள எங்கிட்டப் பொய் சொல்லாதுங்க.”