கூவிய பாவாடை

சோதனை வாசல் மறுபடியும் கூவியது. விமான நிலையத்தில் காலை நாலு மணியிலிருந்து நின்று நின்று கால் மரத்துப்போன சிடுமூஞ்சி கண்ணை மூடித் திறந்தாள். பாதுகாப்புச் சோதனையில் கூட வேலை பார்க்கும் பெண்கள் வைத்த பேர் அது. முகமும் அந்தப் பேருக்கு வஞ்சனை செய்யவில்லை.

வாசலில் நின்ற பெண்ணுக்குப் பதினைந்து வயதிருக்கும். பாவாடை, ரவிக்கை, தாவணி எல்லாம் ஜரிகை. மிச்சமிருந்த இடத்தில் சமிக்கி. துணியா, தகரமா என்று கேட்கலாம் போலிருந்தது.

பளபளக்கும் துணி வேண்டாம் என்று ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

முன்னாலேயே சோதனை முடித்துவிட்ட அத்தையும் மாமாவும் அந்தப் பக்கம் நின்றார்கள். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம் என்றாள் அத்தை. சாதாச் சுடிதார்தான் எடுத்து வைத்தாளாம். "இதைத்தான் போடுவேன்னு ஒத்தக் கால்ல நின்னா, மேடம்."

போய் இறங்கிய பிறகு போட்டுக்கொண்டால் ஆகாதா என்று சிடுமூஞ்சி முணுமுணுத்தாள். கூவினால் தனியறையில்தான் பார்க்க வேண்டும். அத்தையும் கூடவே வரக் கிளம்பினாள். சிடுமூஞ்சி முறைத்த முறைப்பில் அப்படியே நின்றுவிட்டாள்.

திரைக்குள் கைக்கருவி தோளில் கத்தியது, இடுப்பில் கத்தியது, முழங்காலில் கத்தியது. சலித்துப்போய் அதை அணைத்துவிட்டுக் கையாலேயே தடவிப் பார்த்தாள். வெறும் ஜரிகைதான். ஆனால் பெண்ணின் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. தன் முகத்தைப் பார்த்துத்தான் பயம் என்று நினைத்த சிடுமூஞ்சி, ஒன்றுமில்லை, போகலாம் என்றாள்.

பெண் நகரவில்லை. சிடுமூஞ்சியின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஒருத்தர்கிட்டயாவது தனியாப் பேசணும்னுதான்க்கா இதைப் போட்டுக்கிட்டு வந்தேன்" என்றாள். பிறகு காதோடு காதாக ஏதோ சொன்னாள்.

சிடுமூஞ்சி மூலையிலிருந்த ஒரே நாற்காலியில் அவளை உட்கார வைத்தாள். மேலதிகாரியைக் கூப்பிட்டு, போலீஸ் வேண்டும், உடனே வேண்டும் என்றாள். அப்புறம் திரையை விலக்கி வெளியே வந்து, அதன் முன்னாலேயே நின்றுகொண்டாள்.

முடிந்ததா, விமானத்துக்கு நேரமாகிறது என்று அத்தை பறந்தாள்.

சிடுமூஞ்சி குரலை உயர்த்தவில்லை.

"கல்யாணப் பொண்ணு வரமாட்டா."