ஜன்னல் வரைக்கும்

இந்திய மருத்துவ வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய நாள் அது என்று டாக்டர் அறிவரசன் முழங்கினார். தசைநோயாளிகளின் தேசியப் பதிவேட்டை வழிநடத்தும் நிபுணர் குழுவுக்கு அவர்தான் தலைவர். முழங்கிய இடம் அரியலூரில் ஒரு கல்யாண மண்டபம். அவர் தலைக்கு மேலே முந்தின நாள் காதுகுத்து பேனர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

உடையார்பாளையத்திலிருந்து மகள் மேகலாவைச் சக்கர நாற்காலியோடு வேனில் ஏற்றி வந்திருந்தாள் செங்கமலம். பதிவேட்டில் பேர் ஏறிவிட்டால், புது மருந்து வரும்போது கூப்பிடுவார்களாம். நடக்க முடியாதவர்களை மட்டும்தான் இம்முறை சேர்க்கிறார்கள். மேகலாவுக்குப் பத்து வயதிலேயே நடை நின்றுவிட்டது. இப்போது இருபத்தாறு.

மதியம் லேசாகச் சாரல் அடித்தது. மேகலா எழுந்தாள். தூக்கத்தில் நடப்பவளைப் போல ஜன்னல் வரைக்கும் போய், கதவைச் சாத்திவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தாள். நிபுணர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தரையில் படிந்திருந்த சிமெண்டு ஆலைத் தூசியில் காலடித் தடம் இருந்தது.

"நடக்குறாங்களேம்மா. சேர்க்க முடியாதே," என்றார் தலைவர்.

செங்கமலம் முன்னால் வந்தாள். குனிந்து தடத்தைப் பார்த்தாள்.

"இது சின்னப்புள்ள காலுங்க சார். நடந்துக்கிட்டிருந்தப்ப இவளுக்கு இம்மாந்தான் இருந்துச்சு."

மேகலாவின் பாதத்தை அளந்தார்கள். தடம் இரண்டு விரற்கடை சிறியது.

"அப்ப நடந்தது இவங்க இல்ல," என்றார் தலைவர் நிம்மதியாக. "பேரைச் சேர்த்துக்கலாம்."

"நான்தான் சார் போனேன்," என்றாள் மேகலா.

"நீ சும்மா இருடி," என்றாள் செங்கமலம்.

போட்டோ எடுப்பதற்கு முன்பு தலைவரே மண்டியிட்டு, கைக்குட்டையால் தடங்களைத் துடைத்தார். பிறகு எழுந்திருக்க முடியாமல், மேகலாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.