சப்பாத்தைக் கழற்றாத மகன்

"அவன் சுத்த சுயநலக்காரன். இதுல பேசறதுக்கு என்ன இருக்கு?" என்றார் ரொகாயா டீச்சர்.

மலேசியாவின் தைப்பிங்கில், நூலக மாடியில் சனிக்கிழமை வாசிப்பு வட்டம். வெளியே வழக்கமான மழை. அன்று படித்த கதைப் பகுதியில், பல வருஷம் கழித்து ஊர் திரும்பும் மகன் வாசலிலேயே நிற்கிறான். காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றவில்லை. அம்மா முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறான்.

"கெட்டவன்னு நேரா எழுதமாட்டாங்க. இப்படிக் குறிப்பைத்தான் வைப்பாங்க. சப்பாத்தைக் கழற்றலைன்னா தங்கற எண்ணமே இல்ல. மணி பார்க்கறான்னா, எப்படா கிளம்பலாம்னு இருக்கான்."

எல்லாரும் தலையாட்டினார்கள், கம்சியாவைத் தவிர.

"காலுறை கிழிஞ்சிருக்கலாமே டீச்சர்" என்றார் கம்சியா மெதுவாக. "அம்மா பார்த்தா வருத்தப்படுவாங்கன்னு நின்னிருப்பான்."

பக்கத்தில் இருந்த சியூ கிம் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அப்போ கடிகாரம்?" என்றார் ரொகாயா.

"அப்பா வாங்கினதா இருக்கும். இன்னும் ஓடுதான்னு பார்த்திருப்பான்."

கம்சியாவிடம் எப்போதும் இதே கதைதான். போன மாதம், புருஷனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியவளுக்கு, "பாவம், தலைவலியா இருக்கும்." அதற்கு முன்பு, நண்பனைக் காட்டிக்கொடுத்தவனுக்கு, "பயந்த சுபாவம்."

காலமெல்லாம் இலக்கியம் நடத்திய ரொகாயாவுக்கு, ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடும் பழக்கம். கம்சியாவின் தேய்த்து மடித்த தலைத்துணி, அதிராத பேச்சு, முதல் நாளே வீட்டில் செய்து எடுத்துவந்த, பாண்டான் இலை மணக்கும் பலகாரம். சமையலறையைத் தாண்டாத மனுஷி என்று அவரை வந்த அன்றே முடிவுகட்டியிருந்தார்.

இன்று பொறுமை போய்விட்டது.

"தப்பா நினைக்காதீங்க கம்சியா. கெட்டவங்களையே பார்க்காம வாழ்ந்துட்டீங்க. உங்களுக்கு உலகம் தெரியல. இந்த வட்டம் ஒத்துவருமான்னு யோசிச்சுக்கங்க."

சியூ கிம் குனிந்து புத்தகத்தைப் புரட்டினாள்.

கம்சியா தட்டை நகர்த்தி வைத்தார். "பலகாரம் எடுத்துக்கங்க டீச்சர். ஆறிடும்."

அப்போதுதான் குடையை உதறியபடி புது உறுப்பினர் உள்ளே வந்தார். வக்கீல் ஃபைருஸ்.

"மழையில மாட்டிக்கிட்டேன், மன்னிக்கணும்" என்றவர், கம்சியாவைக் கண்டதும் சட்டென்று நிமிர்ந்து, தலை தாழ்த்தினார்.

"யாங் ஆரிஃப், நீங்க இந்த ஊர்லயா இருக்கீங்க?"

நீதிபதிகளை மட்டும்தான் அப்படி அழைப்பார்கள். ரொகாயாவின் கையில் இருந்த பலகாரம் வாய்க்குப் போகவில்லை.

"கோலாலம்பூர்ல இவங்க கோர்ட்டுன்னாலே நாங்க ராத்திரி முழுக்க முழிச்சு கேஸ் படிப்போம்" என்றார் ஃபைருஸ். "ரிட்டயர் ஆகறவரைக்கும் கொலை கேஸெல்லாம் இவங்ககிட்டதான் வரும்."

ரொகாயா பலகாரத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"அப்போ நீங்க பார்க்காத கெட்டவங்களே இல்ல. அப்புறம் ஏன் கதையில வர்ற ஒருத்தரைக்கூடக் குத்தம் சொல்ல மாட்டேங்கறீங்க?"

கம்சியா அவருக்குத் தேநீர் ஊற்றினார்.

"அங்க குத்தம் நிரூபணமாயிட்டா தண்டனை கொடுத்தே ஆகணும், டீச்சர். இவனுக்கு என்ன கஷ்டமோன்னு மனசு அடிச்சுக்கும், ஆனா ஒண்ணும் செய்ய முடியாது. அதான் இங்க வந்து எல்லாரையும் விடுதலை பண்ணிட்டிருக்கேன்."