பதினாலு வரிப் புகார்

"புகார் போட்டு மூணு நாளாச்சு! அந்தாளு உசிரோடதான் இருக்கானா?"

அச்சுக்கடைக்காரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள் நாளைக்கே வேண்டும். பிரிண்டரோ, கம்ப்யூட்டர் சிஸ்டத்தைப் புதுப்பித்த நாளிலிருந்து இரண்டாவது பக்கத்தை மட்டும் வெள்ளையாகத் துப்பிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறு அண்ணா," என்றாள், தட்டச்சு செய்துகொண்டிருந்த தங்கை. "இந்த சிஸ்டமே ஒரு காலேஜ் மாணவர் ஆசைக்கு எழுத ஆரம்பிச்சதுதான். 'எடுத்துக்கோங்க, தப்பிருந்தா சொல்லுங்க'ன்னு ஊருக்கே திறந்து விட்டாரு. முகம் தெரியாத எத்தனையோ பேர் கைகொடுத்து வளர்ந்தது. அதுல நம்ம பிரிண்டருக்கான பகுதியைப் பார்த்துக்கிறவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கல."

"ஓசின்னா இழுத்தடிக்கலாமா? நான் போட்ட போடுல ஆளு ஆடிப்போயிருப்பான், பாரேன்!"

போடுதான். இணையத்தில் எல்லோரும் படிக்கிற புகார்ப் பக்கத்தில் பதினாலு வரி. 'சோம்பேறியே' என்று தொடங்கி, 'தெரியாத வேலையில் எதற்குக் கை வைக்கிறாய்' என்று முடித்திருந்தான்.

மறுநாள் காலை திருத்தம் வந்துவிட்டது. தங்கை அதை ஏற்றி, அச்சுக்குக் கொடுத்தாள். இரண்டாவது பக்கம் எழுத்து மாறாமல் வந்து விழுந்தது.

தாள் வாங்க வந்த தலைமையாசிரியர் முன்னால் அவனுக்கு நெஞ்சு ஒரு சாண் நிமிர்ந்தது.

"பார்த்தீங்களா சார்? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டாத்தான் வேலை நடக்குது. ஏய், அந்தாளு பதிலுக்கு என்ன எழுதியிருக்கான்? சத்தமாப் படி, சாரும் கேட்கட்டும்."

"வேண்டாம் அண்ணா."

"படின்னா படி!"

அவள் படித்தாள்.

"'தாமதத்துக்கு மன்னிக்கவும். இந்தப் பிரிண்டர் என்னிடம் இல்லை. மூன்று பஸ் மாறிப் போய், ஒரு கடைக்காரரைக் கெஞ்சி, அவர் மதியம் சாப்பிடப் போன நேரத்தில் சோதித்துப் பார்த்தேன். இரண்டாவது பக்கம் மட்டும் வெள்ளையாக வருகிறது என்ற தகவல் கிடைத்திராவிட்டால், கோளாறு எங்கே என்றே எனக்குத் தெரிந்திருக்காது.'"

பதினாலு வரியில் உருப்படியாக இருந்தது அந்த ஒரு வரிதான். அவர் அதை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தார்.

தங்கை சட்டென்று நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்ட? கீழே என்னைத் திட்டியிருக்கானா? நகரு, நானே படிக்கிறேன்."

அவளைத் தள்ளிவிட்டு, தலைமையாசிரியருக்குக் கேட்கும்படி உரக்கவே ஆரம்பித்தான்.

"'இந்தத் திருத்தம், இந்தப் பிரிண்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் போய்ச் சேரும். எங்கள் வழக்கப்படி, உதவியவர் பெயர் இதில் என்றைக்கும் இருக்கும். கோளாறைக் கண்டுபிடித்துச் சொன்னவர், நன்றியுடன்...'"

அவன் சட்டென்று திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"யாருப்பா அந்தப் புண்ணியவான்?" என்றார் தலைமையாசிரியர்.

திரையில் இருந்தது அவன் பெயர்.